வட்டம் நின்றால் போகலாம்

அந்த ஆப்பை ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. அன்றும் கிடைக்கவில்லை, இன்றும் கிடைக்காது. எங்கள் எஸ்டேட்டில் அது கைக்குக் கை போனது. காப்பிப் பழம் எடை போடும் இடத்தில் மூட்டையோடு வரிசையில் நிற்கும்போது, மேஸ்திரி தன் போனை ஒருத்தியின் போனுக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றிவிடுவார். அவள் அடுத்தவளுக்கு ஏற்றிவிடுவாள். வேலையாட்களுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக் கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. அதனால் பாட்டு, படம், ஆப் எல்லாமே இப்படித்தான் எங்களிடம் வந்து சேரும். ஒருத்திக்குக் கிடைத்தால் லைன் முழுவதற்கும் கிடைத்த மாதிரி.

ஏற்றும்போது போன் ஓர் எச்சரிக்கை காட்டும். இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, உங்கள் போனுக்குக் கெடுதல் வரலாம், சம்மதமா என்று கேட்கும். எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் படிக்க வரும். படித்துச் சொன்னேன். எனக்கு முன்னால் நின்றவள் சிரித்தாள்.

"தெரியாத இடமா? ரைட்டர் ஊட்டுலருந்து வருது. அந்த ஊடு தெரியாத ஆளு இந்த மலையில யாரு இருக்கறா?"

"அது எதுக்கெடுத்தாலும் அப்படித்தான் பயமுறுத்தும். ஓகே குடு அம்மிணி, பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்றார் மேஸ்திரி.

கொடுத்தேன். எல்லோரும் கொடுத்தார்கள். என் அக்காவுக்கு மேஸ்திரியே ஓகேயை அமுக்கிக் கொடுத்தார்.

அதைச் செய்தவன் எங்கள் எஸ்டேட்டில் பேரும் கணக்கும் எழுதுகிற ரைட்டரின் மகன். கீழே சேலத்தில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். நல்லெண்ணத்தில்தான் செய்தான். இதை நான் மறுக்கவில்லை. காட்டெருமையைப் பார்த்தவர்கள் போனில் இருக்கும் மலையின் வரைபடத்தில் அந்த இடத்தை விரலால் தொட வேண்டும். அங்கே சிவப்புப் புள்ளி விழும். மற்றவர்கள் போனிலும் அந்தப் புள்ளி தெரியும். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போய்விடலாம். அவ்வளவுதான் ஆப். திறந்தால் ஒரு காட்டெருமைத் தலை வரும். யார் செய்தது, எங்கே கேட்பது என்று ஒரு வரி இருக்காது.

காட்டெருமையை டூரிஸ்ட்டுகள் ரோட்டோரத்தில் காரை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். வீட்டு மாடு என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்களும் பேச்சுக்கு மாடு என்றுதான் சொல்வோம். பனியில் அதைப் பார்த்தால் தெரியும். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு பாறை இருக்கும். நேற்று அங்கே பாறை இல்லையே என்று உங்களுக்குத் தோன்றும்போது அது தலையைத் தூக்கும். அதற்குப் பிறகு யோசிக்க நேரம் இருக்காது. சரிவில் மனிதன் ஓடுவதைவிட அது வேகமாக ஓடும்.

ஆப் வருவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு காவல்காரர் இருந்தார். காலையில் பழம் பறிக்கிற காட்டுக்கு நாங்கள் இறங்குவதற்கு முன் அவர் தனியாக இறங்குவார். தகர டப்பாவைத் தட்டிக்கொண்டே போவார். கீழ் வளைவு வரை போய்ப் பார்த்துவிட்டு விசில் அடிப்பார். விசில் கேட்ட பிறகுதான் நாங்கள் இறங்குவோம். அவர் பெரிய வீரர் ஒன்றும் இல்லை. பாதி நாள் குடித்திருப்பார். எங்களைத் திட்டுவார். ஆனாலும் எங்களுக்கு முன்னால் இரண்டு காலில் ஓர் ஆள் போய்க்கொண்டிருந்தார்.

ஆப் வந்ததும் மேனேஜருக்குப் பெரிய சந்தோஷம். எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, படம் எடுத்தார். எல்லோர் போனிலும் இருக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொன்னார். ரைட்டர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார், மகனைப் பெற்ற பெருமை. கொஞ்ச நாளில் காவல்காரரைப் பழம் அரைக்கிற ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மெஷினுக்குத் தண்ணீர் விடுகிற வேலை. அவருக்கும் அது வசதிதான், பனியில் நடக்க வேண்டாம். நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. கையில் ஆப் இருக்கிறதே என்று இருந்தோம்.

என் அக்கா எனக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. ஒரே மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்துவிட்டாள். எங்கள் எஸ்டேட்டில் லைன் வீடு வேலைக்குச் சேர்ந்தது. வீட்டில் ஒருவராவது பேர் போட்டு வேலைக்கு இறங்கினால்தான் வீடு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். என் வீட்டுக்காரர் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார், நானும் பறிக்கப் போனேன், அதனால் எங்களுக்குப் பயம் இல்லை. அக்காவுக்கு அவளுடைய இரண்டு கால்தான் அந்த வீடு. அவளுக்கே அது தெரியும். காய்ச்சலோடும் வேலைக்கு இறங்குவாள். படு என்றால், "படுத்தா ரைட்டர் பூட்டோட வந்து நிப்பாரு, நீ போடி" என்பாள்.

மகள் எத்தனையோ முறை கூப்பிட்டாள். அக்கா போகவில்லை. "அவ ஊட்டுல நான் கட்டில் போட்டா மாப்பிள்ளை வாசப்படியிலதான் படுக்கோணும். எனக்குன்னு நாலு செவுரு இங்க இருக்குது" என்பாள்.

ஆப்பை எங்கள் லைனில் அதிகம் பார்த்தது அவள்தான். விளையாட்டுப் புத்தி அவளுக்கு. ஒருநாள் மேனேஜர் பங்களா மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிட்டாள். மேஸ்திரி பதறிப்போய், "ஏனுங்க, பங்களாவுக்குள்ள மாடு பூந்துருச்சா?" என்று கேட்டார்.

"நொம்ப நாளா அங்கதான் இருக்குது. உங்க கண்ணுக்குத்தான் இன்னிக்குத் தெரியுது" என்றாள் அக்கா. பழ மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தோம்.

சிக்னல் எங்களுக்கு வருவது தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேட்டில் மட்டும்தான். காலையில் எல்லோரும் அங்கே நின்று ஆப்பைத் திறப்போம். முதலில் ஒரு வட்டம் சுற்றும். சிக்னல் கெட்டியாக இருந்தால் சீக்கிரம் நிற்கும். மழை, பனி என்றால் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்களும் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். வட்டம் நின்ற பிறகுதான் புள்ளிகள் விழும். புள்ளி விழாவிட்டால் வழியில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். யாரும் எங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம். வட்டம் சுற்றினால் நில், வட்டம் நின்றால் போகலாம். டவுனில் இருப்பவனுக்கு வட்டம் ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு வட்டம்தான் எல்லாம், ஏனென்றால் எங்கள் சண்டை முழுக்கச் சிக்னலோடுதான்.

பிறகு ரைட்டர் மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். ஆப் எங்கள் போனிலேயே இருந்தது.

அன்று பறிப்பு உச்சத்தில் இருந்தது. விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது, ஆனால் பனி விலகவில்லை. சில்வர் ஓக் மரங்களின் அடி மட்டும்தான் தெரிந்தது. தொட்டி மேட்டில் நின்றோம். வட்டம் வெகுநேரம் சுற்றியது. நின்றது. படத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

"சுத்தமா இருக்குது. வாங்கடி" என்றாள் அக்கா. அவள் எப்போதும் முதலில் இறங்குவாள். பழம் நிறையக் காய்த்த செடிகளை முதலில் பிடித்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. நான் கூடையின் கயிறு அறுந்துபோய் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய சிவப்பு ஸ்வெட்டர் பனிக்குள் போனது.

சத்தம் என்று ஒன்று பெரிதாக வரவில்லை. அவள் கத்தக்கூட இல்லை. கிளைகள் ஒடியும் சத்தம், மூக்கால் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கூடை உருண்டு வருகிற சத்தம். நாங்கள் எல்லோரும் கத்தினோம். காட்டெருமை எங்களைப் பார்க்காமல் குறுக்கே ஏறிப் போய்விட்டது. அக்கா ஒரு காப்பிச் செடியின் மேல் சாய்ந்து கிடந்தாள். இடுப்புக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்:

"வட்டம் நின்னுச்சுல்ல? நான் சரியாத்தானே பாத்தேன்?"

"நின்னுச்சுக்கா. நானும் பாத்தேன்" என்றேன்.

எஸ்டேட் ஜீப்பில் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மலை இறங்குகிற ஒவ்வொரு வளைவிலும் அவள் என் கையை நெரித்தாள். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்திருந்தன. ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். உயிர் தப்பியது. நடப்பாள், ஆனால் சரிவில் நின்று வேலை செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா டாக்டர் போன பிறகு என்னிடம், "சரிவுன்னா எவ்வளவு சரிவுன்னு கேட்டியா?" என்றாள். எங்கள் எஸ்டேட்டில் சரிவில்லாத இடம் மேனேஜர் பங்களா வாசலும் காய வைக்கிற களமும்தான்.

காட்டிலாகா ஆட்கள் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுடைய உதவி வந்தது, வைத்தியத்துக்குப் போனது. லைன் வீட்டை அவர்கள் தர முடியாது.

நான் ஊருக்குத் திரும்பி வந்ததும் முதலில் விசாரித்தது புள்ளி ஏன் விழவில்லை என்றுதான். ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலம் கரடியூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவர் அதே இடத்தில் அந்த மாட்டைப் பார்த்திருக்கிறார். போனில் தொட்டும் வைத்திருக்கிறார். அவருடைய போனில் புள்ளி இருந்தது. என் கண்ணால் பார்த்தேன். எங்களில் ஒருத்தி போனிலும் இல்லை.

தொட்டி மேட்டில் நின்று ரைட்டர் மகனுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கேள்விப்பட்டேனுங்க. பெரியக்கா எப்படி இருக்கறாங்க?"

"அவ கெடக்கறா. கண்ணு, எங்க போனுல ஏன் காட்டல, அதச் சொல்லு."

"உங்ககிட்ட இருக்கறது பழைய வெர்ஷனுங்க. இலவசமா ஒரு சர்வர்ல வெச்சிருந்தேன். அத நிறுத்திட்டாங்க. வேற எடத்துக்கு மாத்தி, புதுசா ஒண்ணு செஞ்சு குரூப்ல போட்டேனே."

"எந்தக் குரூப்பு?"

"பசங்க குரூப்புங்க. அப்பாவுக்கும் அனுப்பி வெச்சேன்."

"எங்களுக்கு யாரு அனுப்புனா?"

"ஸ்டோர்ல இருந்தா தானா மாறிக்குமுங்க அக்கா. இது வெளிய இருந்து ஏத்துறது. நாமளேதான் பழச எடுத்துட்டுப் புதுச ஏத்தோணும்."

"செரி. பழசுல என்ன ஆகும்?"

"அது பழைய எடத்துலயே போய்க் கேக்கும். பதில் வராது. கொஞ்சம் பாத்துட்டு உட்டுரும்."

"உட்டுரும்னா?"

"வட்டம் நின்னுருமுங்க."

கரடியூர்க்காரர் போனில் இருந்தது புதுசு. எத்தனை காலை அந்த வெறும் படத்தைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறோம் என்று தெரியவில்லை. செத்துப்போன ஒன்றிடம் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். செய்தி வந்து நின்ற வட்டமும், செய்தி வராமல் அலுத்துப்போய் நின்ற வட்டமும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன.

"பழசு செத்துப்போச்சுன்னு அதுலயே ஒரு வரி போட்டிருக்கலாமே கண்ணு?"

"தோணலீங்க அக்கா" என்றான். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். நான் ஆறுதல் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

ஸ்டோரில் ஏன் போடவில்லை என்று முன்பே யாரோ கேட்டதற்கு, அங்கே போட வேண்டுமானால் கட்டணம் கட்டணும், பேர், விலாசம் எல்லாம் கொடுக்கணும், அவர்கள் சொல்கிற மாதிரி சோதனை செய்து காட்டணும், நம்ம மலைக்கு எதற்கு அதெல்லாம் என்று சொல்லியிருக்கிறான். நம்ம மலைக்கு எதற்கு. இந்தப் பேச்சை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

விபத்து நடந்த அடுத்த வாரமே காவல்காரர் தகர டப்பாவோடு திரும்பி வந்துவிட்டார். உத்தரவு என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. ஷெட்டில் தண்ணீர் விட வேறு ஆள் வந்தது. அவரை எடுத்ததால்தான் இது நடந்தது என்று மேனேஜருக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாவிட்டால் ஏன் திரும்பப் போட வேண்டும்?

அதைத்தான் மேனேஜரிடம் கேட்டேன். அக்காவுக்கு வீடு வேண்டும், களத்தில் உட்கார்ந்து கொட்டை பொறுக்குகிற வேலை கொடுங்கள், எஸ்டேட் வழியில், எஸ்டேட் வேலைக்கு இறங்கும்போது அடிபட்டவள் என்றேன்.

"களத்து வேலை இப்ப கான்ட்ராக்ட்டும்மா. நம்ம கையில இல்ல."

"காவல்காரர எடுத்தது நம்ம கையிலதானுங்களே சார்?"

அவருக்கு முகம் மாறியது. "ஸ்டோர்லயே இல்லாத ஒரு ஆப்ப எதுக்கும்மா நம்புனீங்க? யார் செஞ்சதுன்னுகூடத் தெரியாது. அதுக்கும் எஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம்? போனே சொல்லுதில்ல, தெரியாத எடத்துலருந்து வருதுன்னு."

ரைட்டர் அதே அறையில் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். பேனா நிற்கவில்லை.

"ரைட்டர் பையன் செஞ்சது சார். நீங்க எங்கள நிக்க வெச்சு போட்டோ எடுத்தீங்க."

"நான் ஆயிரம் போட்டோ எடுக்கறேன். பறிப்பு முடியறவரைக்கும் வீடு இருக்கட்டும். அதுக்கு மேல என்னால ஆகாது."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆப்புக்குப் பேர் இல்லை, ஆள் இல்லை. ஒருவன் வந்து இது நான் செய்தது, எஸ்டேட்தான் எல்லோர் போனிலும் ஏற்றச் சொன்னது என்று வாயால் சொன்னால் ஒழிய, அக்கா தானாகப் போய் மாட்டின் கொம்பில் விழுந்தவள்தான். வீட்டைக் காப்பாற்ற வேறு வழி இல்லை.

பொங்கலுக்கு ரைட்டர் மகன் வந்தான். அவர்கள் வீட்டுக்குப் போனேன். ரைட்டர் சம்சாரம் காப்பி கொடுத்தார். பையன் இளைத்திருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறியிருக்கிறான். அதைச் சொன்னபோது எனக்கு மனசு கொஞ்சம் இளகியது. அதனால்தான் தைரியமாகக் கேட்டேன்.

"மேனேஜர்கிட்ட வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு சாமி. நான் செஞ்சேன், நீங்கதான் எல்லாருக்கும் ஏத்தச் சொன்னீங்கன்னு. வேற ஒண்ணும் வேண்டாம். உன்னைய யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க."

அவன் என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

ரைட்டர்தான் பேசினார். "அம்மிணி, எல்லாரும் விருப்பப்பட்டு ஏத்துனதுதானே? யாரும் கையப் புடிச்சு அமுக்கல."

"மேஸ்திரி அமுக்குனாரு. என்ற அக்கா போனுல மேஸ்திரிதான் அமுக்குனாரு. மேனேஜர் சொல்லித்தான்."

"அந்தப் பையன் இப்பத்தான் ஒரு எடத்துல உக்காந்திருக்கறான். இது கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னாகும்? நானும் இந்த மேனேஜர் மூஞ்சியிலதான் தெனமும் முழிக்கோணும். எனக்கும் இந்த ஊடு எஸ்டேட் ஊடுதான்."

உண்மைதான், அதுவும் எஸ்டேட் வீடுதான். கொஞ்சம் பெரிய வீடு, முன்னால் ரோஜாத் தொட்டி, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அவரால் இதைச் சொல்ல முடிந்தது, என்னால் இதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடிந்தது, அதுதான் எனக்கு ஆத்திரம். நான் எழுந்தபோது பையன் வாசல்வரை வந்தான். "புது வெர்ஷன ஏத்தித் தரட்டுமுங்களா அக்கா? அதுல சர்வர் கெடைக்கலீன்னா செவப்பா எழுத்து வருமுங்க" என்றான்.

நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து லைன் வீட்டுக்கு வந்திருந்த அக்காவை, பறிப்பு முடிந்த பிறகு மகளே கூட்டிப் போனாள். சாமான் ஏற்ற வேன் வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. கட்டில், இரண்டு பெட்டி, கிரைண்டர், மாமா படம். அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வேனின் முன் சீட்டுக்கு வந்தாள். அவளை ஏற்றுவதற்குள் டிரைவர் வேர்த்துப்போனார். லைன் பெண்கள் எல்லோரும் நின்றார்கள். யாரோ அழுதார்கள். அக்கா அழவில்லை. "என்னடி, ஆள் செத்த ஊடு மாதிரி நிக்கறீங்க. மாப்பிள்ளை வாசப்படி எனக்காகக் காத்திருக்குது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "அந்தப் பையன ஊரு பூரா திட்டறியாமே. உடுடி. எத்தன நா சரியாக் காட்டுச்சு அது."

"நீ நல்லவ. நான் நல்லவ இல்ல" என்றேன்.

ரைட்டர் பூட்டோடு வந்தார். அக்கா கொடுத்த பின்கதவுச் சாவியோடு வெறும் வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சுவரில் கட்டில் உரசிய தடம் மட்டும் இருந்தது. கதவை இழுத்துச் சாத்தினார். நான் குறுக்கே போய் நின்றேன். லைன் முழுவதும் கேட்கும்படியாகவே கேட்டேன்.

"உங்க பையன் செஞ்சதுதானுங்களே?"

வேன் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ரைட்டர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, 'ஆமா' என்று ஒரு வார்த்தை. அன்றைக்குக்கூட அது போதும், வேனை நிறுத்திச் சாமானை நானே இறக்கியிருப்பேன்.

"சாவி இது ஒண்ணுதானா?" என்று கேட்டார்.

ஒன்றுதான் என்றேன்.